செயின்ட் பீட்டர்ஸ்பர்க்: நேவா ஆற்றங்கரை நகரின் வரலாறு

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ரஷ்யாவின் இரண்டாவது பெரிய நகரம் ஆகும். நேவா ஆறு பின்லாந்து வளைகுடாவில் கலக்கும் கழிமுகத் தீவுகளின்மீது இது அமைந்துள்ளது. 1703ஆம் ஆண்டில் பேரரசர் முதலாம் பீட்டர் இதனை நிறுவினார். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் இதுவே ரஷ்யாவின் தலைநகராக இருந்தது. இந்நகரை உருவாக்கியதும் தண்ணீரே, பலமுறை அழிவின் விளிம்புக்குக் கொண்டு சென்றதும் தண்ணீரே. முற்றுகைக் காலத்தில் இதன் உயிரைக் காத்ததும் அதே தண்ணீர்தான்.

தோற்றம்

லடோகா ஏரியில் புறப்படும் நேவாவின் நீளம் 74 கிலோமீட்டர் மட்டுமே. எனினும், ரஷ்யாவின் உட்பகுதியிலிருந்து பால்டிக் கடலுக்குச் செல்லும் வழி அதுவே. அந்த வழி சுவீடனின் கையில் இருந்தது. 1700இல் தொடங்கிய பெரும் வடபுலப் போரில் ஆற்றங்கரையில் இருந்த சுவீடியக் கோட்டையை பீட்டர் கைப்பற்றினார். பின்னர், 1703 மே 27 அன்று (பழைய நாட்காட்டிப்படி மே 16) சாயாச்சி என்னும் சிறு தீவில் புதிய கோட்டைக்கு அடித்தளம் இடப்பட்டது. இன்றுள்ள பீட்டர்-பால் கோட்டை அதுவே. நகரின் பெயரிலுள்ள பீட்டர், பேரரசர் அல்லர். இயேசுவின் சீடரான புனித பேதுருவே ஆவார்.

சதுப்பு நிலத்தில் நகர் எழுப்புவது எளிதாக இல்லை. நாடெங்கிலுமிருந்து குடியானவர்கள் ஆண்டுதோறும் கட்டாய வேலைக்கு வரவழைக்கப்பட்டனர். சுவீடியப் போர்க்கைதிகளும் உழைத்தனர். குளிர், நோய், பசி ஆகியவற்றால் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். கல் கிடைக்காத இடம் என்பதால், நகருக்குள் வரும் ஒவ்வொரு படகும் வண்டியும் கல் கொண்டுவர வேண்டும் என ஆணையிடப்பட்டது. 1714இல் நாட்டின் பிற பகுதிகளில் கல் கட்டடங்கள் எழுப்பத் தடை விதிக்கப்பட்டது. இதற்கிடையே, 1712இல் அரசவை மாஸ்கோவிலிருந்து இங்கு மாறியது.

முக்கியக் கட்டடங்கள்

பீட்டர்-பால் பேராலயம்: கோட்டையினுள் உள்ளது. திரெசீனி என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். இதன் கூர்கோபுரத்தின் உயரம் 122.5 மீட்டர். முதலாம் பீட்டர் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

குளிர்கால அரண்மனை: ராஸ்ட்ரெல்லியின் வடிவமைப்பு, 1762இல் நிறைவடைந்தது. அரசி இரண்டாம் கேத்தரின் 1764இல் தொடங்கிய கலைச் சேகரிப்பே இன்றைய ஹெர்மிடேஜ் அருங்காட்சியகமாக வளர்ந்தது.

வெண்கலக் குதிரைவீரன்: பிரெஞ்சுச் சிற்பி பால்கோனே வடித்த பீட்டரின் சிலை, 1782இல் திறக்கப்பட்டது. இதன் பீடத்துக்காக, சுமார் 1,500 டன் எடையுள்ள பாறை தரைவழியே உலோக உருண்டைகளின்மேல் உருட்டிக் கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்டது.

புனித ஈசாக் பேராலயம்: 1818 முதல் 1858 வரை நாற்பது ஆண்டுகள் கட்டப்பட்டது. ஈர நிலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்தூண்களை அடித்திறக்கி, அவற்றின்மேல் அடித்தளம் அமைக்கப்பட்டது.

வெள்ளங்கள்

இந்நகரின் வெள்ளத்துக்கு மழை காரணமன்று. பால்டிக் கடலில் எழும் புயல், வளைகுடாவின் ஆழம் குறைந்த குறுகிய முனைக்குள் கடல்நீரைத் தள்ளுகிறது. அதனால் ஆற்றின் மட்டம் சில மணி நேரத்தில் உயர்ந்துவிடுகிறது. 1824 நவம்பரில் நீர் இயல்பு மட்டத்துக்கு மேல் 421 சென்டிமீட்டர் உயர்ந்தது. அதுவே இதுவரை மிகப் பெரிய வெள்ளம். அந்நிகழ்வையே புஷ்கின் தமது 'வெண்கலக் குதிரைவீரன்' கவிதையின் களமாகக் கொண்டார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1924 செப்டம்பரில், நீர் 380 சென்டிமீட்டர் உயர்ந்தது.

பெயர் மாற்றங்கள்

1914இல் ஜெர்மனியுடன் போர் மூண்டதும், ஜெர்மானிய ஒலியுடைய பெயர் பெட்ரோகிராட் என மாற்றப்பட்டது. 1917இன் இரு புரட்சிகளும் இங்குதான் வெடித்தன. 1918இல் தலைநகர் மீண்டும் மாஸ்கோவுக்குச் சென்றது. 1924இல் லெனின் மறைந்தபின் நகர் லெனின்கிராட் ஆயிற்று. 1991இல் மக்கள் வாக்கெடுப்புக்குப் பின் பழைய பெயர் திரும்பியது.

முற்றுகை

1941 செப்டம்பர் 8 அன்று, நேவா பிறக்கும் இடத்திலுள்ள ஷ்லிசெல்பர்க்கை ஜெர்மானியப் படை பிடித்தது. நகருக்கான தரைவழி முற்றிலும் அடைபட்டது. அவ்வாண்டு நவம்பரில், உழைக்கும் நிலையில் இல்லாதோருக்கும் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டி மட்டுமே வழங்கப்பட்டது. குடிநீர்க் குழாய்கள் உறைந்தபோது, மக்கள் நேவாவின் பனிக்கட்டியில் துளையிட்டு நீர் மொண்டனர்.

உணவு வர எஞ்சிய வழி லடோகா ஏரி ஒன்றே. ஏரி உறைந்தவுடன் அதன்மேல் லாரிகள் ஓடின. 'உயிர்ப் பாதை' எனப்பட்ட இவ்வழியே முதல் குளிர்காலத்தில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர்.

தாவர ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள், உலகெங்கும் திரட்டிய விதைகளை உண்ணாமல் காத்தனர். அவர்களில் சிலர் நெல், தானிய மூட்டைகளுக்கு நடுவிலேயே பட்டினியால் இறந்தனர். 1944 ஜனவரி 27 அன்று முற்றுகை முழுமையாக நீங்கியது. 872 நாட்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தனர். பிஸ்கரியோவ் இடுகாட்டில் மட்டும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் புதைக்கப்பட்டுள்ளனர்.

இன்று

நகரின் வரலாற்று மையம் 1990இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் இரவு முழுவதும் இருள் சூழாத 'வெண்ணிரவுகள்' பயணிகளை ஈர்க்கின்றன. கப்பல்கள் செல்வதற்காக நேவாவின் பாலங்கள் நள்ளிரவுக்குப் பின் தூக்கப்படுவது இங்கு ஒரு தனிக் காட்சி.

வெள்ளத்தைத் தடுக்க, வளைகுடாவின் குறுக்கே 25 கிலோமீட்டர் நீள அணை 1979இல் தொடங்கப்பட்டு 2011இல் முடிக்கப்பட்டது. புயல் எச்சரிக்கை வந்தால் அதன் மதகுகள் மூடப்படுகின்றன. பீட்டர்-பால் கோட்டையில் ஆற்றை நோக்கிய நேவா வாயிலில், பழைய வெள்ளங்கள் எட்டிய உயரங்கள் ஆண்டு வாரியாகக் குறிக்கப்பட்டுள்ளன. 1824ஆம் ஆண்டின் குறியும் அவற்றுள் ஒன்று.