அறுவடை நாளே வெப்பமானி

வெப்பமானி பதினேழாம் நூற்றாண்டில்தான் வழக்கிற்கு வந்தது. அப்படியிருக்க, அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஒரு கோடை எவ்வளவு கடுமையாக இருந்தது என்று இன்று எப்படிக் கூற முடியும்? மரத்தின் ஆண்டு வளையங்கள் சில சான்றுகளைத் தருகின்றன. மற்றொரு சான்று, நீங்கள் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. அது பிரான்சு நாட்டின் பழைய கணக்கேடுகளில், திராட்சை கொய்த கூலிக்காரர்களுக்குப் பணம் கொடுத்த நாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது!

கிழக்குப் பிரான்சில் பர்கண்டி என்னும் பகுதி திராட்சை மதுவிற்குப் பெயர் பெற்றது. அங்குள்ள போன் என்ற சிறு நகரத்தில் முற்காலத்தில் தோட்டக்காரர் எவரும் தாம் நினைத்த நாளில் குலைகளைக் கொய்துவிட முடியவில்லை. தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துக் கனிவை அறிந்தவர்கள் கூறுவதைக் கேட்டு, நகர மன்றம் ஒரு நாளை அறிவித்து வந்தது. அந்த நாளில்தான் அறுவடை தொடங்க வேண்டியிருந்தது. திருட்டைத் தடுப்பதற்கும் வரியைத் தவறாமல் பெறுவதற்கும் இந்த ஏற்பாடு உதவியது. வானிலையைப் பதிவு செய்வது எவருடைய நோக்கமும் அன்று.

கனியில் நடப்பது என்ன?

அறுவடை நாளுக்கும் வெப்பத்திற்கும் என்ன தொடர்பு? திராட்சை பூத்து ஏறத்தாழ நூறு நாட்களில் அறுவடைக்கு வருகிறது. முதலில் காய் பச்சையாகவும் கடினமாகவும் இருக்கும்; அமிலம் மிகுந்திருக்கும். செங்காய்ப் பருவத்தில் காய் மென்மையடைந்து நிறம் மாறுகிறது. ஒளிச்சேர்க்கையால் இலையில் உண்டாகும் சர்க்கரை கனியை நோக்கிப் பாய்கிறது. அதே சமயம் கனி சுவாசிக்கும்போது மாலிக் அமிலம் செலவாகிறது. வெப்பம் கூடினால் இச்செலவும் கூடும்; இரவு குளிர்ந்தால் அமிலம் ஓரளவு தங்கும். இறுதி நாட்களில் மழை பெய்தால் கனி நீரை உறிஞ்சிப் பருத்து வெடிக்கும்; பூஞ்சணமும் பற்றும்.

ஆகவே வெயில் நன்றாக அடித்த ஆண்டில் கனி விரைந்து பழுக்கும். குளிர்ந்த ஆண்டில் தாமதமாகும். பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் 1600 முதல் எழுதப்பட்ட நாட்களை ஆராய்ந்ததில், வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அறுவடை ஏறத்தாழ ஆறு நாட்கள் முந்துவது தெரிந்தது.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தக வாயுவிலிருந்து உண்டான நுண்துகள்கள் சூரிய ஒளியை மறைத்தன. அடுத்த ஆண்டு, 1816இல், ஐரோப்பாவில் கோடையே வரவில்லை என்று சொல்லும்படி ஆயிற்று. பிரான்சில் அவ்வாண்டு திராட்சை அறுவடை வெகுவாகப் பிந்தியது.

ஏட்டை அப்படியே நம்பலாமா?

நம்பலாம்; ஆனால் எச்சரிக்கை வேண்டும். 1582இல் பிரான்சு புதிய நாட்காட்டிக்கு மாறியபோது பத்து நாட்கள் விடப்பட்டன. அதற்கு முந்திய தேதிகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். போர் மூண்டாலும் கொள்ளைநோய் பரவினாலும் அறுவடை நாள் மாறலாம். 1540இல் மத்திய ஐரோப்பாவில் கடும் வறட்சி. பல இடங்களில் கனிகள் கொடியிலேயே உலர்ந்தன. மழைக்குக் காத்திருந்து பிறகே கொய்தார்கள். தேதியை மட்டும் பார்ப்பவர், அக்கோடை இருந்ததைவிடக் குளிர்ச்சியானது என்று எண்ணிவிடுவார்! இதனால்தான் பல ஊர்களின் தேதிகளை ஒப்பிடுகிறார்கள். வரலாற்றறிஞர் எம்மானுவேல் லெ ருவா லாதுரி 1967இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு வழிகாட்டியது.

2019இல் தோமா லாபேயும் அவருடைய குழுவினரும் போன் நகரின் 1354 முதல் 2018 வரையிலான அறுவடை நாட்களை வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். 1659 முதல் கிடைக்கும் பாரிஸ் நகர வெப்பநிலை அளவுகளுடன் அவற்றை ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். 1987 வரை அறுவடை சராசரியாகச் செப்டம்பர் 28இல் தொடங்கியது. 1988க்குப் பிறகோ சராசரியாக 13 நாட்கள் முந்திவிட்டது. வெப்ப அலை வீசிய 2003இல் ஆகஸ்டு மாதத்திலேயே கொய்யத் தொடங்கினார்கள். முற்காலத்தில் எப்போதோ வந்த வெப்ப ஆண்டு இன்று வாடிக்கையாகிவிட்டது.

முந்திப் பழுத்தால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சர்க்கரை விரைந்து ஏறுகிறது, அமிலம் விரைந்து குறைகிறது; தோலும் விதையும் அதே வேகத்தில் முதிர்வதில்லை. உடனே கொய்தால் மது துவர்க்கும். காத்திருந்தால் மதுவில் சாராயச் சத்து மிகுந்து புளிப்பு குன்றும். தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட இரகத்தையே மாற்ற வேண்டுமோ என்பது இன்று பர்கண்டி உழவரின் கவலை.

கூலிக் கணக்கு எழுதியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். ஆனால் ஒரே ஊரில், ஒரே நிகழ்ச்சியை, விடாமல் எழுதினார்கள். உங்கள் வீட்டருகே உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது முதலில் பூக்கும் நாளை ஆண்டுதோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது, அவை உங்களிடம் ஏதேனும் சொல்லும்.