சிற்றில் கட்டியவள்

மரக்காணத்து உப்பளக்கரை அன்றைய ஓய்மாநாட்டைச் சேர்ந்தது. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாடும் புறநானூறு 176இல், ஓரையாடும் பெண்கள் பன்றி உழுத சேற்றைக் கிளறி ஆமை முட்டையும் ஆம்பல் கிழங்கும் எடுக்கிறார்கள். அங்கே விளையாட்டு என்பதே தேடிக் கண்டெடுப்பது.

பிற்காலப் பிள்ளைத்தமிழ் வேடங்களைப் பிரித்துக் கொடுத்தது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, ஊசல். சிற்றில் கட்டுபவர்கள் சிறுமியர், அதைச் சிதைப்பவன் பாட்டுடைத் தலைவன். கட்டியவளே 'சிதைக்காதே' என்று கெஞ்சுவதை இலக்கியம் அழகென்று கொண்டாடியது.

இன்று குழந்தைக்கு வேடமேற்று ஆடும் முதல் விளையாட்டை வாங்கும்போது, விதிகளுக்கு முன் வேடங்களைப் பாருங்கள். கட்டுவது யார், உடைப்பது யார், கதையை நடத்துவது யார்? சிறுமி தேரோட்டவும் சிறுவன் சோறாக்கவும் முறைமாற்றி ஆடவிடும் விளையாட்டே முதலில் கைக்கு வரட்டும்.