நாட்டின் வருமானத்தை எண்ணியவர்: வி.கே.ஆர்.வி. ராவ்

பெங்களூரின் மேற்கே, நாகரபாவியில், சமூக-பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 'ஐசெக்' என்றால் சமூக அறிவியல் ஆய்வு மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். அதன் நூலகத்துக்கு வி.கே.ஆர்.வி. ராவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1972இல் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. அதற்கு முன்பே தில்லிப் பொருளியல் பள்ளியை 1949இலும், பொருளாதார வளர்ச்சி நிறுவனத்தை 1958இலும் உருவாக்கியிருந்தார். நிறுவனங்களைக் கட்டியவர் என்னும் இந்தப் புகழ் ஆய்வாளர் ராவைப் பெரிதும் மறைத்துவிட்டது. அவர் ஏன் ஓயாமல் நிறுவனங்களைக் கட்டினார் என்பதற்கு விடை அவருடைய தொடக்ககால ஆய்விலேயே இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் 1908இல் பிறந்த ராவ், பம்பாயில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். கெய்ன்ஸின் 'பொதுக் கோட்பாடு' வெளிவந்த 1936ஆம் ஆண்டை ஒட்டிய காலம் அது. கோட்பாட்டு விவாதங்கள் கொதித்துக்கொண்டிருந்த அந்தச் சூழலில் ராவ் எடுத்துக்கொண்ட கேள்வி மிக எளியது போல் தோன்றும்: பிரிட்டிஷ் இந்தியாவில் ஒருவர் ஓராண்டில் சராசரியாக எவ்வளவு ஈட்டுகிறார்?

இந்தக் கேள்விக்கு அரசியல் பாரம் இருந்தது. தாதாபாய் நௌரோஜி 1867-68க்குக் கணக்கிட்டுச் சொன்ன தலைக்கு ரூ. 20 என்னும் எண், ஏகாதிபத்தியச் சுரண்டலுக்கு எதிரான வாதத்தின் அடிப்படையாக அமைந்தது. பின்னர் வந்த கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 1920களின் தொடக்கத்துக்கு ஃபிண்ட்லே ஷிர்ராஸ் நூறு ரூபாய்க்கு மேல் காட்டினார். ஏறத்தாழ அதே காலத்துக்கு கே.டி. ஷாவும் கம்பாட்டாவும் காட்டிய தொகை எண்பதைத் தாண்டவில்லை. கணக்கிடுபவர் ஆட்சியை எப்படிப் பார்க்கிறார் என்பதை வைத்தே விடையை ஊகித்துவிடலாம் என்ற நிலை.

ராவ் முறையிலிருந்து தொடங்கினார். வருமான வரி கட்டியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிறு பகுதியினர். ஆகவே வருமானத்தை மட்டும் கூட்டி நாட்டை அளக்க முடியாது. உற்பத்தியை மட்டும் கூட்டினால் வணிகர், கைவினைஞர், வீட்டுப் பணியாளர் ஆகியோர் கணக்கில் வரமாட்டார்கள். எனவே பொருளாதாரத்தை இரண்டாகப் பிரித்தார். வேளாண்மை, கால்நடை, காடு, மீன்பிடிப்பு, சுரங்கம் ஆகியவற்றுக்கு உற்பத்தி மதிப்பு; தொழில், வணிகம், போக்குவரத்து, நிர்வாகம், பிற பணிகளுக்கு, அவற்றில் ஈடுபட்டோரின் எண்ணிக்கையும் அவர்களது வருமானமும். இரண்டையும் ஒட்டவைத்தபோது 1931-32க்குக் கிடைத்த விடை, தலைக்கு ஆண்டுக்கு ரூ. 62. மாதத்துக்கு ஐந்து ரூபாயைச் சற்றே தாண்டும்.

உலகப் பெருமந்தத்தில் விளைபொருள் விலைகள் சரிந்துகிடந்த ஆண்டு அது என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். இதன் அடியில் கிடந்த தரவுகளின் நிலையும் கவலைக்குரியது. ஒரு வட்டாரத்தில் பயிர் எத்தனை அணா விளைந்திருக்கிறது என்று கிராம அதிகாரி கண்ணால் பார்த்துச் சொன்ன மதிப்பே பல இடங்களில் நாட்டின் விளைச்சல் புள்ளிவிவரமாக மாறியது. ராவ் இதை மறைக்கவில்லை. தம் கணக்கின் பிழை எல்லையையும் சேர்த்தே வெளியிட்டார். 1937இல் முனைவர் பட்டம் பெற்றுத்தந்த ஆய்வு 1940இல் நூலாக வந்தது. (கணக்கு பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டுமே உரியது. அவர் பிற்காலத்தில் நிறுவனம் கட்டிய பெங்களூரு, கன்டோன்மென்ட் பகுதி நீங்கலாக, மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது.)

விடுதலைக்குப் பின் 1949இல் தேசிய வருமானக் குழு அமைந்தபோது மகலனோபிஸ் தலைவரானார்; காட்கிலும் ராவும் உறுப்பினர்கள். குழு கையாண்டதும் உற்பத்தி முறையும் வருமான முறையும் கலந்த அதே வழிதான். முறைசாராத் துறையை எப்படி எண்ணுவது என்று 2015இல் புதிய மொத்த உள்நாட்டு உற்பத்தித் தொடர் வந்தபோது எழுந்த சர்ச்சையும், ராவ் 1930களில் மோதிய அதே சுவர்தான்.

இவ்வளவு அருகில் நின்று எண்ணியவருக்கே 1952ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதும் துணிவு வந்திருக்க முடியும். அரசு முதலீடு செய்தால் வருமானம் பன்மடங்காகப் பெருகும் என்பது கெய்ன்ஸின் பெருக்கி. ஆலைகளும் ஆட்களும் வேலையின்றிக் காத்திருக்கும் நாட்டுக்கு அது பொருந்தும். இந்தியாவில் காத்திருந்தது குடும்ப நிலத்திலேயே ஒளிந்திருந்த வேலையின்மை. உணவு உற்பத்தியோ கேட்டவுடன் கூடுவதில்லை. ஆகவே பணவருமானம் பெருகும், விலை ஏறும், உண்மை வருமானம் அந்த அளவுக்கு நகராது என்று ராவ் வாதிட்டார். பற்றாக்குறை நிதியைத் தயக்கமின்றிப் பேசிய காலத்தில் கேம்பிரிட்ஜ் மாணவர் ஒருவரே கேம்பிரிட்ஜின் சூத்திரத்துக்கு எல்லை வகுத்தார். இன்றைய பாடத்திட்டங்களில் இதற்கு உரிய இடம் இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஐ.நா.வின் பொருளாதார வளர்ச்சித் துணை ஆணையத்துக்குத் தலைமை வகித்தபோது, ஏழை நாடுகளுக்கு ஐ.நா. வழியாகவே எளிய நிபந்தனையில் நிதி தரும் அமைப்பு வேண்டும் என்று 1949இல் முன்மொழிந்தார். பணக்கார நாடுகள் இசையவில்லை. பத்தாண்டுக்குப் பின், 1960இல், அத்தகைய கடன் சர்வதேச வளர்ச்சிச் சங்கமாக வந்தது; ஆனால் உலக வங்கிக்குள். வாக்குரிமை பணத்தின் அளவைப் பின்பற்றும் இடம் அது. ராவின் பாதி வெற்றி என்று இதைச் சொல்வது தாராளமான கணிப்பு.

தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், திட்டக்குழு உறுப்பினர், பெல்லாரித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், மத்திய அமைச்சர் எனப் பதவிகள் தொடர்ந்தன. அவற்றுள் ஆய்வாளர்களுக்கு முக்கியமானது, சமூக அறிவியல் ஆய்வு பற்றி ஆராய 1965இல் அவர் தலைமையில் அமைந்த குழு. அதன் பரிந்துரையின் வழியே 1969இல் இந்தியச் சமூக அறிவியல் ஆய்வு மன்றம் பிறந்தது. சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனம் உள்ளிட்ட பல இடங்களின் ஆய்வு வாழ்வு இன்றும் அந்த மன்றத்தின் நிதியோடு பிணைந்துள்ளது. அரசிடமிருந்து நிதி பெற்றும் அரசின் எண்களைக் கேள்வி கேட்கும் இடங்கள் வேண்டும் என்ற அந்தச் சிக்கலான ஏற்பாட்டின் இழுபறி இன்னும் ஓயவில்லை.

1974இல் பத்ம விபூஷண் விருது வந்தது. அப்போது அவர் பெங்களூரில் மூன்றாவது நிறுவனத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பொருளியலோடு சமூகவியலையும் மக்கள்தொகை ஆய்வையும் ஊரக ஆய்வையும் ஒரே கூரைக்கீழ் வைக்கும் முயற்சி அது.

1991 ஜூலை 24 அன்று நிதியமைச்சர் மன்மோகன் சிங், பொருளாதாரச் சீர்திருத்தங்களைத் தொடங்கிவைத்த வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் படித்தார். ராவ் நிறுவிய தில்லிப் பொருளியல் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர் அவர். மறுநாள் ராவ் காலமானார்.