வேர்ப்பூசணம்

செடியின் வேரும் பூசணமும் கூடி வாழும் உறவு வேர்ப்பூசணம் அல்லது மைக்கோரைசா எனப்படும். மண்ணில் எளிதில் நகராத மணிச்சத்தையும் நீரையும் பூசண இழைகள் தேடிக் கொண்டுவந்து வேருக்குத் தருகின்றன. இலை தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கு பூசணத்துக்குப் போகிறது. நிலத்தாவரங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் வாழ்கின்றன. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் விதிவிலக்கு. வேருக்குள் புகுந்து வாழும் வகையைத் தமிழக வேளாண் துறையினர் வேர் உட்பூசணம் அல்லது ‘வேம்’ என்பர்.

தொன்மையும் ஆய்வும்

ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான செடிகளிலேயே இப்பூசணம் உண்டு. அவற்றுள் சிலவற்றுக்கு உண்மையான வேர்கூட இல்லை. வேருக்கும் முந்திய உறவு இது.

ட்ரஃபிள் காளானை வளர்க்க வழிகாணுமாறு பிரஷ்ய அரசு பணித்த ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க், மரங்களின் வேர்நுனிகளைப் பூசண உறை போர்த்தியிருப்பதைக் கண்டார். அது நோயல்ல, துணை என்று கூறி 1885இல் மைக்கோரைசா எனப் பெயரிட்டார். பீகாரின் பூசாவில் பணியாற்றிய பயிர்நோய் அறிஞர் இ.ஜே. பட்லர் 1939இல் உட்பூசணங்களைப் பற்றி விரிவாக எழுதினார்.

உட்பூசணம் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. மெல்லிய வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்து, டிரிப்பான் நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், வேர்ச்செல்லுக்குள் பூசணம் குட்டி மரம்போல் கிளைத்திருப்பது தெரியும். சத்துக் கைமாறும் இடம் அதுவே. 1970இல் ஃபிலிப்ஸ், ஹேமன் இருவரும் வெளியிட்ட இம்முறை ஆய்வைப் பரவலாக்கியது. வேர்ப்பூசணம் குறித்த முதல் ஆசிய மாநாடு 1988 ஜனவரியில் சென்னையில் நடந்தது.

கும்மிடிப்பூண்டி வட்டாரம்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, பழவேற்காடு பகுதிகளின் மணற்பாங்கான நிலத்துக்கு ஏற்ற மரம் சவுக்கு. ஆஸ்திரேலியா, தென்கிழக்காசியப் பகுதிகளுக்குரிய இம்மரம், 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களின் விறகுத் தேவைக்காகச் சென்னைக் கடலோரத்தில் பெருமளவில் நடப்பட்டது. சவுக்கு நாற்றின் வேரைக் கழுவிப் பார்த்தால், பவளக் கொத்துபோல் முடிச்சுகள் தெரியும். அவற்றில் வாழும் ஃபிராங்கியா நுண்ணுயிர் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. அதே வேரில் கண்ணுக்குத் தெரியாத உட்பூசணம் மணிச்சத்தைத் தருகிறது. சத்தில்லாத மணலில் சவுக்கு ஓங்கி நிற்பது இவ்விரு துணைகளால்தான்.

தொழிற்பேட்டைக்காக மேல்மண்ணை வழிக்கும்போது பூசண இழைகளும் வித்துகளும் சேர்ந்தே போகின்றன. அங்கே மரம் நட விரும்புவோர் வழித்த மேல்மண்ணைத் தனியே காத்து, நடும் குழியில் மீண்டும் இடுவது நல்லது.

பயன்பாடு

நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம் வேர் உட்பூசணத்தை, விதைக்கும்போது 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் இட்டு, அதன்மேல் விதைக்க வேண்டும். பாலித்தீன் பை நாற்றுக்கு 5 முதல் 10 கிராம் போதும். மணிச்சத்து உரத்தை அளவு மீறி இட்டால், வேர் பூசணத்தைச் சேர்ப்பது குறையும். அடிக்கடி ஆழ உழுதால் இழைகள் அறுபடும். தொழுவுரம் இட்டு, நிலத்தை வெறுமையாக விடாமல் ஏதேனும் பயிர் வைத்திருந்தால் மண்ணிலுள்ள பூசணம் தானே பெருகும்; ஒரு பயிருக்காகப் பெருகியது அடுத்த பயிரின் வேரையும் பற்றும்.