தேய்ந்த மின்கலமும் சுங்க வாயிலும்: புதுக்கடையிலிருந்து ஒரு வாதம்

2025இல் கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஓர் அளவைப் பிணக்கு வந்தது. சுங்கத் திணைக்களம் தடுத்து வைத்திருந்த பி.வை.டி. மின்சாரக் கார்களின் மோட்டார் வலு 100 கிலோவாட்டா, 150 கிலோவாட்டா? இலங்கையில் மின்சாரக் காரின் உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாட்டையும் வாகனத்தின் வயதையும் வைத்தே கணிக்கப்படுவதால், அந்த வித்தியாசத்தில் பெருந்தொகை தங்கியிருந்தது. வங்கி உத்தரவாதத்தின் பேரில் கார்கள் விடுவிக்கப்பட்டன. காரிலேயே விலைகூடிய உறுப்பான மின்கலத்தைப் பற்றி அந்த வரிக் கணக்கு எதுவும் கேட்பதில்லை. தேய்ந்த மின்கலத்தின் கதி, இந்தக் கேளாமையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் வாதம்.

நீதிமன்ற வளாகத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், பழைய உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தை இருக்கிறது. அங்கே வரும் பிரியஸ் ஹைபிரிட் காரின் பற்றரியில் பெரும்பாலும் 28 நிக்கல் கட்டுகள். இரண்டு மூன்று சோர்ந்தாலே எச்சரிக்கை விளக்கு எரியும். மற்றவை நன்றாகவே இருக்கக்கூடும். சோர்ந்ததைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய அதே தேய்வுள்ள இன்னொன்றைப் பூட்டுவதுதான் கராஜ்காரர் சொல்லும் ‘செல் மாற்றுதல்’. அளந்து பார்த்துச் செய்தால் அது நல்ல கைவினை. ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த நிசான் லீஃபுக்கும் இதே வைத்தியம் ஓரளவு பொருந்தும்: 24 கிலோவாட்-மணிப் பற்றரி, 48 கட்டுகள். ஆனால் அதைக் குளிர்விக்க மின்விசிறியோ திரவமோ இல்லை. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் 2012இலேயே இக்குறை வெளிப்பட்டது. கொழும்பின் வெக்கையும் அதற்கு உகந்ததல்ல.

பழைய ஈயப் பற்றரி தெருவில் கிடப்பதில்லை. 327 பாகை செல்சியஸில் உருகும் ஈயத்துக்கு எப்போதும் ஆள் உண்டு. நிக்கலுக்கும் கோபால்ட்டுக்கும் அப்படியே. பி.வை.டி. பயன்படுத்தும் லித்தியம் இரும்பு பொஸ்பேற்றில் இவ்விரண்டும் இல்லை. பாதுகாப்பான சேர்மானம்தான், ஆனால் பிரித்தெடுக்கும் செலவுக்கு ஈடான உலோகம் அதிலிருந்து கிடைப்பது அரிது. சந்தை திருப்பி எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

சட்டமோ பிந்தி வருகிறது. 2008ஆம் ஆண்டின் சுற்றாடல் ஒழுங்குவிதிகள், அட்டவணைப்படுத்திய கழிவைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரத்தைக் கோருகின்றன. ஆனால் பொருள் கழிவான பிறகே அவை விழித்துக்கொள்கின்றன. இந்தியா 2022இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2023இலும் தேய்ந்த பற்றரியின் பொறுப்பை உற்பத்தியாளரிடமும் இறக்குமதியாளரிடமும் ஒப்படைத்தன. கார்களைத் துறைமுகத்தில் இறக்கும் தீவுக்கு இது இன்னும் எளிது. கிலோவாட்-மணிக்கு இவ்வளவு என்று மீளளிக்கும் வைப்புப்பணம் வாங்கி, பற்றரியை ஒப்படைப்பவரிடம் திருப்பிக் கொடுக்கலாம்.

கார் விலை ஏறும் என்பார்கள். ஏறும்தான். பஞ்சிகாவத்தைத் தொழிலாளி நசுங்குவான் என்ற ஆட்சேபம் அதைவிடக் கனமானது. அவனுக்குப் பயிற்சியும் உரிமமும் கொடுத்து, ஒப்படைக்கும் இடமாக அவனுடைய கடையையே ஆக்குவதுதான் அதற்கு விடை. வரி வித்தியாசத்துக்கு வங்கி உத்தரவாதம் வாங்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. சுங்கம் மின்கலத்துக்கும் ஒன்று வாங்கட்டும்.