"இது அவசியம் போடணுமா தம்பி?" - கார் சர்வீஸில் நேர்மையின் கதை

காமர்ஸ் படிக்கிற பையனுக்கு கார் ரிப்பேர் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். ஒன்றும் தெரியாது. அதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம் :-)

போன கோடை விடுமுறையில் மதுரை ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு கார் டீலரின் சர்வீஸ் பிரிவில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் போனேன். (பெயர் வேண்டாம். சர்டிஃபிகேட் கொடுத்த புண்ணியவான்கள்.) சர்வீஸ் அட்வைசர் பக்கத்தில் நின்று ஜாப் கார்டு எழுதுவதுதான் என் வேலை. தினமும் காலையில் ஒரு சின்ன மீட்டிங் நடக்கும். வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு அட்வைசர் பெயருக்கு நேராகவும் ஒரு டார்கெட் எழுதியிருக்கும். எத்தனை வண்டி ஒழுங்காக ரிப்பேர் ஆனது என்ற கணக்கு இல்லை. வழக்கமான சர்வீஸுக்கு மேல் எத்தனை ரூபாய்க்கு எக்ஸ்ட்ரா வேலை விற்றோம் என்ற கணக்கு. ஏசி கிருமி நீக்கம், இன்ஜின் ஃப்ளஷ், அடியில் கோட்டிங், பெயின்ட்டுக்கு பாலிஷ்... இப்படி ஒரு பட்டியல்.

ஒரு நாள் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரிட்டயர்டு வாத்தியார். கார் ஓடியதே ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான். அட்வைசர் போனில் இருந்ததால் பட்டியலை நான் வாசித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், "இது அவசியம் போடணுமா தம்பி?"

"போட்டுக்கிட்டா நல்லதுங்கய்யா" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பில்லில் 1,850 ரூபாய் கூடியது. இன்ஜின் ஃப்ளஷ் என்றால் என்ன என்றே எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, எப்போதும் இப்படித்தானா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வேடிக்கை என்னவென்றால், தென்னிந்தியாவில் மோட்டார் சர்வீஸின் கதையில் நம்ம மதுரைக்கும் ஒரு பெரிய இடம் உண்டு.

சொந்த பஸ், சொந்தப் பட்டறை

டி.வி.எஸ் என்றால் நமக்கெல்லாம் மொபெட்தான் ஞாபகம் வரும். அந்த டி.வி.எஸ் 50 வந்தது 1980-ல். அதற்கு ஏறக்குறைய எழுபது வருடம் முன்பே, 1911-ல், திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். அப்பா ஆசைப்பட்டபடி வக்கீலாகத் தொடங்கி, பிறகு ரயில்வே, வங்கி என்று வேலை பார்த்து, அதையும் விட்டுவிட்டு பஸ் விட வந்தவர். மேல வெளி வீதியில் இன்றும் இருக்கும் டி.வி.எஸ் கட்டடத்தை ரயில் நிலையம் போகும்போது நிறைய பேர் பார்த்திருப்பீர்கள்.

அவருடைய சதர்ன் ரோட்வேஸ் பஸ்களைப் பற்றி மதுரைப் பெரியவர்கள் இரண்டு கதை சொல்வார்கள். ஒன்று, பஸ் வரும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்களாம். இன்னொன்று, ரோட்டில் கிடக்கும் மாட்டு லாட ஆணிகளை இழுத்தெடுக்க காந்தம் பொருத்திய வண்டி ஒன்று முன்னால் போகுமாம். டயர் பஞ்சர் ஆகக் கூடாது என்பதற்காக. கதையில் எவ்வளவு கூட்டல் கழித்தல் இருந்தாலும், மதுரை மக்கள் அந்தக் கம்பெனியை எதற்காக ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. ஆணி குத்திய பிறகு ஒட்டுவது இல்லை, குத்தாமல் பார்த்துக்கொள்வது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் டி.வி.எஸ் கேஸ் பிளான்ட் வந்தது. தேய்ந்த டயரைத் தூக்கிப் போடாமல் மறுபடி ரப்பர் ஏற்றும் தொழிற்சாலையையும் ஆரம்பித்தார்கள். கூடவே மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்ற நிறுவனங்கள். 1950-களில் சுந்தரம் மோட்டார்ஸ், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்குப் பெரிய விநியோகஸ்தர். சுந்தரம் அய்யங்கார் 1955-ல் காலமானார். 1972-ல் பஸ்கள் அரசுடைமை ஆகி பாண்டியன் ரோட்வேஸ் வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அவர்கள் நல்லவர்கள், அதனால் சர்வீஸ் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கணக்குப் புத்தகம் படிக்கிறவனுக்கு வேறு ஒன்றும் தெரிகிறது. அங்கே ரிப்பேர் செய்பவனும் வண்டிக்குச் சொந்தக்காரனும் ஒரே கம்பெனி. தேவையில்லாமல் ஒரு பார்ட் மாற்றினால் நஷ்டம் அவர்களுக்கு. தேவையான பார்ட்டை மாற்றாமல் விட்டு பஸ் மேலூர் ரோட்டில் நின்றாலும் நஷ்டம் அவர்களுக்கே. நேர்மையாக இருப்பதுதான் லாபம். அந்தப் பழக்கத்தோடு அடுத்தவர் வண்டிக்கு சர்வீஸ் செய்ய வந்ததால்தான் பெயர் நின்றது என்பது என் கணிப்பு.

ரோட்டோரப் பட்டறைக் காலம்

அதற்குப் பிறகு அம்பாசடர், ஃபியட் (பத்மினி) காலம். கார் வாங்கவே வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்கிய பிறகு கம்பெனி சர்வீஸ் என்று யாரும் போவதில்லை, தெரிந்த மெக்கானிக்தான். சிம்மக்கல் பக்கம் ஒர்க்‌ஷாப் ரோடு என்றே ஒரு தெரு இருக்கிறதே!

அந்த மெக்கானிக்குகள் எல்லாம் அரிச்சந்திரன்கள் என்று நான் சொல்லவில்லை. டூப்ளிகேட் ஸ்பேர் போட்டு ஒரிஜினல் விலை வாங்கிய கதை எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு. ஆனால் அங்கே ஒரு பாதுகாப்பு இருந்தது. பானெட்டைத் திறந்து உங்கள் கண் முன்னாலேயே வேலை நடக்கும். கார்புரேட்டரைக் கழற்றி ஊதிக் காட்டுவார். பழைய பார்ட்டைக் கையில் கொடுத்து "பாருங்கண்ணே, எப்படித் தேஞ்சிருக்கு" என்பார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாலு டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொய் சொன்னால் தெருவே சொல்லிவிடும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

நம்ம ஊர் மட்டும்தான் இப்படியா என்று பார்த்தால், இல்லை. கார் அதிகமாக ஓடிய நாட்டில் ஏமாற்றும் முதலில் வந்திருக்கிறது. 1941-ல் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை ஒரு சோதனை செய்தது. நல்ல நிலையில் இருந்த ஒரு காரில் காயில் வயர் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு, நாடு முழுக்க 347 பட்டறைகளுக்குக் கொண்டுபோனார்கள். வயரை மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் நூற்றுக்கு 63 இடங்களில் இல்லாத கோளாறைச் சொல்லியோ, செய்யாத வேலைக்கோ, தேவையில்லாத பார்ட்டுக்கோ காசு வாங்கினார்கள்.

1973-ல் டார்பி, கர்னி என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார்கள். மாம்பழத்தை வாங்கும்போதே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஹோட்டல் தோசையைச் சாப்பிட்ட பிறகு தெரிந்துகொள்ளலாம். ஆனால் ரிப்பேர் அப்படி இல்லை. காசு கொடுத்து, வண்டி ஓட்டிப் பார்த்த பிறகும், அந்த பார்ட் உண்மையிலேயே மாற்ற வேண்டியதுதானா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. நோயைச் சொல்பவரும் மருந்து விற்பவரும் ஒரே ஆள். முழுக்க நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம்.

என்னை அதிகம் உலுக்கியது 1992-ல் கலிஃபோர்னியாவில் நடந்த சியர்ஸ் விவகாரம். சியர்ஸ் தலைமுறை தலைமுறையாக மக்கள் நம்பிய பெரிய கடை, கார் சர்வீஸ் சென்டர்களும் வைத்திருந்தது. வருமானம் குறைந்ததும் ஊழியர்களுக்குக் கமிஷனும் கோட்டாவும் வைத்தார்கள். இத்தனை பிரேக் வேலை, இத்தனை அலைன்மென்ட் விற்றே ஆகவேண்டும். அரசு அதிகாரிகள் வாடிக்கையாளர் போல 38 முறை கார் கொண்டுபோனார்கள். 34 முறை தேவையில்லாத வேலை தலையில் கட்டப்பட்டது. கடைசியில் சியர்ஸ் தலைவர் பொதுவில் தவறை ஒப்புக்கொண்டு அட்வைசர்களின் கமிஷனை நிறுத்தினார்.

யோசித்துப் பாருங்கள். கோட்டாவுக்கு முன்னாலும் பின்னாலும் பெரும்பாலும் அதே ஆட்கள், அதே ஸ்பேனர். மாறியது சம்பளம் போடும் முறை மட்டும்தான். இதைப் படித்தபோது எனக்கு அந்த வெள்ளைப் பலகை கண் முன்னால் வந்தது.

மாருதிக்குப் பிறகு

இங்கே 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ஊர் ஊராக அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் ஸ்டேஷன், இலவச சர்வீஸ் கூப்பன், அச்சடித்த பில். நல்ல மாற்றம்தான். பிறகு தாராளமயம், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ என்று போட்டி கூடியது. 2000 ஏப்ரலில் புதிய புகை விதிகள் வந்ததும் கார்புரேட்டர் ஒழிந்து கம்ப்யூட்டர் சொல்லும்படி பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின் வந்தது. காற்று சுத்தமாகட்டும் என்று செய்தது, ஆனால் கூடவே ஒன்று நடந்தது. ஊதிக் காட்ட ஒன்றும் இல்லை. கோளாறைக் கம்ப்யூட்டர் சொல்லும், கம்ப்யூட்டர் சொன்னதை அட்வைசர் சொல்வார். நாம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஏசியில் உட்கார்ந்து காபி குடிப்போம்.

இன்னொரு பக்கம், போட்டியினால் புது கார் விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் மெலிந்துபோனது. காலாகாலத்துக்கும் வரும் வருமானம் சர்வீஸ், ஸ்பேர், இன்ஷூரன்ஸ். அப்புறம் டார்கெட் எங்கே போய் விழும்?

வெளியே போகலாம் என்றால் அதற்கும் வழி அடைத்திருந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஒரிஜினல் ஸ்பேரையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். வழக்கு மேல்முறையீடு என்று நீண்டது வேறு கதை. 2022-ல் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்து, அந்த வருடக் கடைசியில் ஒரு இணையதளமும் திறந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-லேயே வந்து, 2019-ல் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. சட்டம் இருக்கிறது. ஆனால் 1,850 ரூபாய்க்காக யார் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவார்கள்?

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். எக்ஸ்ட்ரா வேலை சொல்வதெல்லாம் ஏமாற்று இல்லை. பிரேக் பேட் தேய்ந்திருந்தால் சொல்லாமல் விடுவதுதான் துரோகம். என்னோடு வேலை பார்த்த அட்வைசர்களும் கெட்டவர்கள் இல்லை. குறைந்த சம்பளம், வீட்டு வாடகை, மாதக் கடைசியில் டார்கெட். ஆனால் "தேவை" என்பதையும் "போட்டுக்கிட்டா நல்லது" என்பதையும் ஒரே குரலில் சொல்லும்போது பிரேக் பேட் விஷயத்தையும் யாரும் நம்பாமல் போய்விடுவார்கள். நஷ்டம் எல்லோருக்கும்.

நான் தெரிந்துகொண்ட சின்ன விஷயங்கள் சில. காரோடு வரும் கையேட்டில் எத்தனை கிலோமீட்டருக்கு எந்த வேலை என்று அட்டவணை இருக்கும், அதில் இல்லாததை ஏன் என்று கேளுங்கள். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பழைய பார்ட்டைத் திருப்பிக் கேளுங்கள். அந்த ரோட்டோர மெக்கானிக் கேட்காமலே கொடுத்தது அது!

இன்டர்ன்ஷிப் கடைசி நாளில் அந்த வாத்தியாரின் ஜாப் கார்டைத் தேடி எடுத்தேன். போன் நம்பர் இருந்தது. போன் செய்து "ஐயா, அது அவசியம் இல்லை" என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. ஆணியை முன்கூட்டியே பொறுக்கிய ஊரில், தெரிந்தே ஆணி போட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

அடுத்த வருடம் நம் வகுப்பில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்போம். வங்கியோ, இன்ஷூரன்ஸோ, ஷோரூமோ. தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். ஒரு பெரியவர் வந்து "இது அவசியமா தம்பி?" என்று கேட்பார். என்ன சொல்லப் போகிறோம்?