செத்துப்போகாத கணினிகள்

“இது செத்துப்போச்சு, புதுசு வாங்குங்கோ” என்று கைவிடப்பட்ட 1 ஜிபி றாம் மடிக்கணினி ஒன்றில் பப்பி லினக்ஸைப் போட்டுப் பார்த்தோம். டக்கெண்டு திரை வந்திட்டுது. எழுதலாம், பாட்டுக் கேட்கலாம். ஆனா உலாவியில் மூன்று பக்கம் திறந்ததும் ஸ்ரக் ஆகிட்டுது. ஏன் என்று தேடப்போய்த்தான் இந்த வரலாறு அகப்பட்டது.

2003இல் அவுஸ்திரேலியரான பாரி கௌலர் பப்பியைத் தொடங்கினார். முழுவதையும் றாமில் ஏற்றி ஓடவிடுவதுதான் அதன் சூட்சுமம். ஜோன் ஆன்ட்ரூஸின் டாம் ஸ்மோல் லினக்ஸோ 50 மெகாபைற்றுக்குள் முழு டெஸ்க்டொப்பையும் அடக்கியது. 2008க்குப் பிறகு நின்றுபோன அது, 2024இல் திரும்பி வந்தபோது 700 மெகாபைற், ஒரு சீடி அளவு. 14 மடங்கு! இன்றைய இணையத்தளங்களைத் திறக்கிற உலாவிகள் 50க்குள் அடங்குவதில்லை. எங்கட மடிக்கணினி திணறியதும் அதனால்தான்.

லினக்ஸும் பழசை என்றென்றைக்கும் சுமப்பதில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதியது 386 கணினியில். 2012இல் அந்த 386க்கான ஆதரவையே கேர்னலில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. மூலநிரல் திறந்திருக்கிறபடியால் ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் எடுத்து நடத்தலாம். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அப்பிடி எடுத்து நடத்த வெளியில ஒருத்தருக்கும் வழி இருக்கேல்லை.

எங்கட மடிக்கணினியில் இப்ப ஒரு தம்பி தமிழ்த் தட்டச்சுப் பழகுறார். உங்கட வீட்டிலயும் ஒண்டு தூசி பிடிச்சுக் கிடந்தால், எறிய முதல் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ.